குமாரவேல் வந்துட்டாரா?

ஆபீஸ் திறந்ததும் ஷாரோன் செய்கிற முதல் வேலை, சர்வர் பெட்டியின் மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் உள்ளே இருக்கும் பஞ்சைத் தட்டுவது. பட்டுப்புடவை வந்து போகிற இடம். காற்றிலேயே தூசியும் இழையும் மிதக்கும், பெட்டிக்குள் ஓடும் விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஒரு நாள் விட்டாலும் பெட்டி கொதிக்கும். பெருக்க வருகிறவளிடம் இந்த வேலையை ஒப்படைக்க ஷாரோனுக்கு மனசு வராது. மிஷின், ஒயர் அத்தனையும் ஷாரோனே தன் கையால் போட்டது.

செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். அப்பாவுக்குச் செங்கல் சூளை வேலை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, உமாபதி முதலாளியின் பட்டு டிசைன் ஆபீஸில் இரண்டாயிரத்தொன்றில் சேர்ந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் மாடியில் மூன்று அறை. அப்போதெல்லாம் டிசைனை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு மிஷினுக்கு மிஷின் நடப்பார்கள். ஃபிளாப்பி கெட்டால் ஒரு பார்டரே போச்சு.

"எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சி, எல்லாரும் எடுக்கற மாதிரி பண்ணும்மா" என்றார் முதலாளி.

ஷாரோன் ஒயரைச் சுவரோரம் ஆணியடித்து இழுத்து எல்லா மிஷினையும் இணைத்தாள். ஒவ்வொன்றுக்கும் பேர் வைக்கவேண்டி வந்தபோது, உட்காருகிறவர் பேரையே வைத்தாள். பெரிய டிஸ்க் இருந்தது டிசைனர் குமாரவேலின் மிஷினில். அது உள்ளறைக்குப் போய் சர்வர் ஆயிற்று. அவனுக்கு வேறு மிஷின் வந்தது. பேரை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "இருந்துட்டுப் போவட்டும்பா. நான் லீவு போட்டாலும் வேல நடக்கும்" என்று சிரித்தான்.

அடுத்த ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

முதலாளி நல்ல மனசோடுதான் அவன் பெண்டாட்டி வடிவுக்கு வேலை கொடுத்தார். நடு அறையில் உட்கார்ந்து, தறியிலிருந்து வந்த புடவையை விரித்து, அறுந்த இழையும் ஜரிகைப் பிசிறும் பார்க்கிற வேலை. இரண்டு பிள்ளைகள். அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மிஷினின் பேரை யாரும் யோசிக்கவில்லை. அது எல்லார் வாயிலும் பழகிக் கிடந்தது.

வடிவு வந்த முதல் நாள் காலை, முன்னறையிலிருந்து டிசைனர் ராமராஜன் குரல் கொடுத்தான். "ஷாரோன், குமாரவேல் வந்துட்டாரா?"

"வந்துட்டாருண்ணா. உள்ள போங்க."

"அன்னப் பார்டர் அவர்கிட்ட இருக்குதா?"

"இருக்குது, எடுத்துக்குங்க. ரொம்ப சூடா இருக்காரு, ஃபேனப் போடணும்."

ஷாரோன் எழுந்திருப்பதற்குள் உள்ளறை ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. சுவிட்ச் பக்கத்தில் வடிவு நின்றிருந்தாள். மடியிலிருந்த புடவை வாசல்வரை இழுபட்டுக் கிடந்தது. தான் எழுந்து வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

ராமராஜன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கொஞ்ச நாள் ஜாக்கிரதையாக 'சர்வர்' என்றான். "ஓட்டல்ல தோச கொண்டாறவன கூப்புட்ற மாதிரி இருக்குதுபா" என்று அலுத்துக்கொண்டான். வேலை நெருக்கும்போது பழைய பேரே வாயில் வந்தது. ஒவ்வொரு தடவையும் நடு அறையில் வடிவின் தலை நிமிர்ந்தது. புருஷன் பேரைத் தன் வாயால் சொல்லிப் பழகாதவள் அவள்.

ஒரு நாள் ஷாரோனிடம் வந்தாள். "அந்தப் பேர எடுத்துடும்மா. முடியலன்னா சொல்லிடு, நான் வேலைய உட்டு நின்னுக்கறேன். காலையில கெளம்பசொல்ல, வேலைக்குப் போறன்னு தோணல. அவர் இருக்கற எடத்துக்குப் போறன்னு தோணுது. சின்னவன் கேக்கறான், ஏம்மா இவ்ளோ அவசரம்னு."

வேலையை விட்டால் என்ன ஆகும் என்பது ஷாரோனுக்குத் தெரியும். கல்யாண சீசனில் மிஷினை நிறுத்துவதா என்று முதலாளி முணுமுணுத்தார். அவள் விடவில்லை. மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கியதும் சர்வருக்கு வேறு பேர் கொடுத்து, மிஷினை அணைத்தாள். எப்போதும் இரைகிற உள்ளறை ஓய்ந்தது. வடிவு அவள் பின்னாலேயே முன்னறைக்கு வந்தாள்.

ராமராஜன் மிஷினில் ஷாரோன் நெட்வொர்க் பட்டியலைத் திறந்தாள். ராமராஜன், ஷாரோன், இன்னொரு டிசைனர் பரசுராமன். அவற்றோடு குமாரவேல்.

வடிவுக்கு அந்த இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரியும். "நிறுத்திட்டியே?"

"நிறுத்திட்டேன்க்கா."

"பின்ன?"

"மிஷின் போனாலும் பேரு கொஞ்ச நேரம் நிக்கும். மத்த மிஷினுங்க ஞாபகம் வெச்சிருக்கும். தானாப் போயிடும்." எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

"எவ்ளோ நேரம்?"

"சொல்ல முடியாதுக்கா."

வடிவு ராமராஜனின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கண் அந்தப் பேரைவிட்டு நகரவில்லை. ஷாரோன் பட்டியலைப் புதுப்பித்தாள். பேர் இருந்தது. மறுபடி புதுப்பித்தாள். இருந்தது. வடிவு அவள் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் என்பதுபோல மெல்ல நகர்த்தினாள்.

கீழே படிக்கட்டில் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களின் பேச்சு கேட்டது. வடிவு எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்து, திரையைப் பார்த்து, வீட்டு வாசலில் நின்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"அப்ப நான் போயிட்டு வரேங்க."

சொல்லிவிட்டு நின்றாள். ஷாரோன் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். பட்டியலில் பேர் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, வடிவு திரும்பி, புடவைகள் கிடந்த நடு அறைக்குப் போனாள்.