என் கண்ணுக்குப் பொருந்திய தோல் துண்டு

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கலர் பார்ப்பது என் வேலை. மாதிரித் துண்டையும் புதுத் தோலையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடிப்பேன். கடுகளவு வித்தியாசம் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

போன வருடம் என் தலையில் கொப்புளம் கொப்புளமாகச் சீழ் பிடித்து, முடி திட்டுத்திட்டாகக் கொட்டியது. இருந்ததே கம்மி. அபூர்வமான வியாதியாம். வேலூர் டாக்டர் இரண்டு ஆன்டிபயாடிக் எழுதினார்.

"மூணு மாசம் சாப்பிடணும். யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க. ஆனா மாசாமாசம் ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க."

முதல் பாதி மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

ஆறாவது வாரம் சோறு இறங்கவில்லை. நாலு படி ஏறினால் உட்காரத் தோன்றியது. யூரின் டீ டிகாஷன் மாதிரி போனது. "மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒருநாள் ஜன்னலோரம் மஞ்சள் தோல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் ரஃபீக் பாய் அதைப் பிடுங்கி என் கண்ணோரம் வைத்தார்.

"இன்னா அண்ணே, அப்படியே மேட்ச் ஆவுது! ஊர்த் தோலுக்கெல்லாம் கொறை சொல்றியே, உன் கண்ண பாக்கலியா? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

மஞ்சள் காமாலை. மாத்திரை கல்லீரலைப் பதம் பார்த்திருந்தது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கஷ்டம்" என்று சொல்லி டாக்டர் மாத்திரையை உடனே நிறுத்தினார். தேற இரண்டு மாதமானது.

இப்போது வேறு மருந்து. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்லை. தினமும் காலையில் அதே ஜன்னலில் நிற்கிறேன். பாய் என் கண்ணைப் பார்த்து "கண்ணு பாஸ்" என்ற பிறகுதான் தோலைத் தொடுகிறேன்.