அப்பாவின் விரல்களும் சனிக்கிழமை ஊசிகளும்

அப்பாவுக்கு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போனபோது நான் ராஜபாளையத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசி. அப்பா நூற்பாலைத் தொழிலாளி. ஓடுகிற மெஷினில் அறுந்துபோகும் இழையை அந்த இரண்டு விரல்களால்தான் பிடித்து ஒட்ட வேண்டும். கழுத்திலிருந்து கைவரை இழுக்கிற வலி வேறு. மில் டாக்டர் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று மாத்திரை கொடுக்க, மில்லில் லீவில் அனுப்பினார்கள். விரல் சரியானால் பழைய மெஷின். ஆகாவிட்டால் என்ன என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அக்குபங்சர் என்ற வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். நூலகத்தில் ஒரு வாரப்பத்திரிகையில் படித்தேன். பிறகு விசாரித்ததில், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடிக்குச் சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து டாக்டர் வருகிறார் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் எனக்குமுன் யாரும் பள்ளிக்கூடமே போனதில்லை. "எம் மவன் படிச்சுக் கண்டுபிடிச்ச வைத்தியம்லா" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்டர் அலோபதி படித்துவிட்டு ஊசி வைத்தியத்தைத் தனியாகக் கற்றவர். அளந்து பேசுவார். "வலி குறையலாம், தூக்கம் வரலாம். மரத்துப்போன விரல்ல உணர்ச்சி திரும்புமான்னு இப்பவே சொல்ல முடியாது. எப்படி இருக்குன்னு வாராவாரம் நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்" என்றார். கொதிக்கவைத்து எடுத்த ஊசிகள் தலைமுடியைப் போல மெலிந்திருந்தன. அப்பாவின் கழுத்திலும் முழங்கைப் பக்கத்திலும் அவை நிற்பதைப் பார்க்க எனக்குத்தான் கூசியது.

பெஞ்சில் காத்திருந்த கொத்தனார் ஒருவர் முழங்கால் வலிக்கு வந்தவர். "குத்து வாங்குறதுக்கு பஸ் ஏறியா வாரிய அண்ணாச்சி? எங்க வீட்டுக்கு வாங்க, எம் பொண்டாட்டி வாயத் தொறந்தாப் போதும்" என்றார். ஊசியோடு சிரிக்கக்கூடாது என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார்.

வலி உண்மையிலேயே குறைந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அப்பா புரளாமல் தூங்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் துணுக்கால் அந்த விரல்களை வருடுவார்.

"தெரியுதா?"

"தெரியுதுங்கய்யா."

"போன வாரத்துக்கு?"

"இப்ப நல்லாத் தெரியுதுங்கய்யா."

டாக்டர் குறித்துக்கொள்வார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், இன்னும் கொஞ்ச நாளில் வேலைக்குப் போய்விடலாம் என்பேன்.

ஒரு சனிக்கிழமை பஞ்சை எடுத்த டாக்டர், அதை விரலருகே கொண்டுபோகவே இல்லை. கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"தெரியுதா?"

"தெரியுதுங்கய்யா."

அப்பா கண்ணைத் திறந்தார். எட்டத்தில் நின்ற பஞ்சைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் இப்படிச் சொல்றீங்க?" டாக்டரின் குரலில் கோபம் இல்லை. "தெரியலைன்னு முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேனே."

"அய்யா எம்புட்டு தூரத்துல இருந்து வாரிய. இம்புட்டு சிரத்தையாப் பாக்கிய. ஒண்ணும் ஆவலன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்லுதது?" என்றவர், என்னைப் பார்க்காமலே, "பயலும் பக்கத்துல நிக்கான்" என்றார்.

எங்கள் ஆட்கள் அப்படித்தான். வீடு தேடி வந்தவரிடம் பசிக்கிறது என்றோ, நலம் கேட்டவரிடம் நலமில்லை என்றோ சொல்வதில்லை. வைத்தியருக்கும் அதே மரியாதை. அது தெரிந்த நான், பத்திரிகையில் படித்ததை மட்டுமே நம்பி நின்றுகொண்டிருந்தேன்.

மதுரையில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தாலும் போன உணர்ச்சி திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். முன்னமே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

லீவு முடிந்து போனபோது மில்லில் அப்பாவை ஒரு ஷிப்ட் பழைய மெஷினில் நிறுத்திப் பார்த்தார்கள். இழை விரலுக்குள் இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்குள் பக்கத்தில் இன்னொன்று அறுந்தது. மேஸ்திரி அவரைவிட இளையவர். "அண்ணாச்சி, நீங்க செத்த நேரம் உக்காருங்க" என்றாராம்.

"கழிவுப் பஞ்சு கூட்டுத இடத்துல போட்டிருக்காவ" என்று அப்பா வந்து சொன்னார். "வேல லேசுதான்."

"சம்பளம்?" என்றாள் அம்மா.

"பொறவு பேசுவம்னு சொல்லிருக்காவ."

அம்மா மேற்கொண்டு கேட்காமல் தட்டைக் கழுவி வைத்து, உலையிலிருந்து வடித்த சோற்றை அப்படியே போட்டாள். குழம்பு எடுக்கத் திரும்பியவள், "ஏங்க, கொதிக்குதுல்லா!" என்று கத்தினாள். அப்பா சோற்றுக்குள்ளிருந்து அந்த இரண்டு விரல்களையும் எடுத்து, சிவந்துபோயிருந்த அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.