கூரை ஏறிய அம்மி

புயல் அடித்த மறுநாள் காலையில் நான் சொன்ன முதல் வார்த்தை, அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறேன் என்பதுதான். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு, ஷாதிபூருக்கு வந்து முழுசாக ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. எங்கள் தகரக் கூரையில் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. அடுப்புக்குள் தண்ணீர். என் வீட்டுக்காரர் சாத்தத்தில் மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்தார். மனுஷர் வானத்தை அண்ணாந்து பார்த்து, "நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு" என்றார்.

எனக்கு எப்படி இருக்கும்? போகும்போது என் அம்மியையும் எடுத்துக்கொண்டுதான் போவேன் என்றேன். அம்மா கொடுத்த சீதனம் அது. மெட்ராசில் கப்பலேற்றிய கூலிக்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டே தூக்கியது. அதில்லாமல் போய் நின்றால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

துவையல் அரைக்கலாம் என்று பின்பக்கம் போனால் அம்மியைக் காணோம். குழவி மட்டும் அநாதையாகக் கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், காற்றுதான் தூக்கிப் போய்விட்டது என்று நினைத்துத் தெருவெல்லாம் தேடினேன். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்து மேலே காட்டினாள். அவள் வீட்டுக் கூரைத் தகரத்தின்மேல் என் அம்மி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மரமில் இருக்கிற ஊரில் மரத்துக்கா பஞ்சம்? ஆணிதான் இல்லை. அது கப்பலில் வரவேண்டும். அதுவரை தகரம் பறக்காமலிருக்க ஆளாளுக்குக் கனமாகக் கிடைத்ததைக் கூரையில் ஏற்றினார்கள். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் தையல் மிஷினின் இரும்புக் காலையே ஏற்றிவிட்டார். என்னவரோ என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த வீட்டுக்கு என் அம்மியைத் தானம் செய்திருக்கிறார்!

சண்டைக்குத்தான் கிளம்பினேன். அவள், "தீதி, லே ஜாவோ" என்றாள். எடுத்துக்கொண்டு போ அக்கா என்கிறவளிடம் என்னவென்று சண்டை போடுவது? கையில் குழந்தை வேறு, பிறந்து பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும். திரும்பிவிட்டேன்.

கப்பல் வந்தது, ஆணியும் வந்தது. நான் பெட்டியைக் கட்டினேன். ஆணி எல்லாருக்கும் போதவில்லையாம், அம்மி அங்கேயே இருக்கட்டும் என்றார் அவர். கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கும் கட்டினேன். காற்று இன்னும் அடங்கவில்லையாம். இதற்குள் அந்தக் குழந்தையைத் தினமும் நான்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு மீன்காரனை ஹிந்தியில் திட்டக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

ஒருநாள் அங்கே குழந்தையைத் தூங்கவைத்தபோது கூரையைப் பார்த்தேன். வரிசையாக ஆணி. துருப்பிடிக்கவே ஆரம்பித்திருந்தது. கேட்டால் சிரிக்கிறாள். முதல் கப்பலில் வந்த ஆணியை என் வீட்டுக்காரரே ஏறி அடித்தாராம். அம்மியை மட்டும் இறக்க வேண்டாம், என்னிடம் சொல்லவும் வேண்டாம் என்று கெஞ்சினாராம்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். திருதிருவென்று முழித்தார்.

"அது கீழ வந்தா நீ கப்பல் ஏறிடுவியே" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

திட்டுவதற்குத் தமிழிலும் ஹிந்தியிலும் தயாராக வைத்திருந்தேன். ஆனால் இந்த மனுஷனை விட்டுவிட்டு எங்கே போவது?

"போய் இறக்குங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஊருக்குக் கொண்டுபோக இல்லைங்க. நாளைக்குத் துவையல் அரைக்கணும்."