மதினியின் இடது கால்

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. மூளையிலோ தண்டுவடத்திலோ ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் கணுக்காலில் லேசாகக் கரண்ட் கொடுத்து, அந்த உணர்வு தலைவரைக்கும் வந்து சேருகிறதா என்று பார்ப்பேன். சேர்ந்தால் திரையில் ஒரு அலை எழும். அது பாதியாகக் குறைந்தால் உடனே சொல்ல வேண்டும், சர்ஜன் கையை நிறுத்துவார். பார்ப்பது, சொல்வது, அவ்வளவுதான் வேலை.

இப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டுதான் மதினியின் காலைப் பார்த்துச் சிரித்தேன். என் அண்ணன் மனைவி. திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் மிளகாய்க் காட்டைப் பார்ப்பது அவர்தான். அண்ணன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வெளியூர் போய்விடுவான். போன வருஷம் ஒருநாள் காட்டிலிருந்து இடது கால் செருப்பில்லாமல் வீட்டுக்கு வந்தார். எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. பாதத்தில் கருவேல முள் ஏறி ரத்தம் காய்ந்திருந்தது. "செருப்பை எவனுக்கு மொய் எழுதுனீக மதினி?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். என் படிப்பைக் குப்பையில்தான் போட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது நடுமுதுகில், தண்டுவடத்துக்கு உள்ளேயே கட்டி. விட்டால் இரண்டு காலும் போகும். எடுக்கும்போதும் கால் போகலாம் என்றார் சர்ஜன். மதினி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "மெசினுக்கு முன்னால நீதானத்தா இருப்ப?" என்றார்.

சொந்தக்காரர்களின் ஆபரேஷனில் மெசினுக்கு முன்னால் உட்காரக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. இன்னொரு பெண்ணும் அந்த வேலையில் இருந்தாள், கேட்டிருந்தால் வந்திருப்பாள். நான் கேட்கவில்லை. மதினியின் அலையை என்னைவிட அக்கறையாக எவள் பார்த்துவிடப் போகிறாள் என்ற திமிர்தான்.

ஆபரேஷனுக்கு முதல் நாளே பரிசோதனை செய்தேன். கரண்ட் பட்டதும் பெருவிரல் துடித்தது. "நான் ஆட்டல தாயி, அதுவா ஆடுது" என்று மதினி பதறினார். வலது காலின் அலை ஒழுங்காக வந்தது. இடது காலின் அலை சின்னதாக, தாமதமாக வந்தது. ஆனாலும் வந்தது. "இருக்கு மதினி" என்றேன். அதைக் காப்பாற்றுவதுதான் மறுநாள் என் வேலை.

மறுநாள் தோலைத் திறந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு காலின் அலையும் ஒன்றாகத் தணிந்தன. "அலை போகுது டாக்டர்" என்று கத்தியேவிட்டேன். எல்லாரும் நின்றார்கள். பார்த்தால் மயக்க மருந்தைக் கூட்டியிருந்தார்கள், அதனால் வந்த தணிவு. சர்ஜன் தலையைத் திருப்பாமல், "செக் பண்ணிட்டுச் சொல்லும்மா" என்றார். முகமூடிக்குள் யாரோ சிரித்தது கேட்டது. எனக்குக் காது சுட்டது.

கட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இடது காலின் அலை மட்டும் குறைந்தது. இந்தத் தடவை நான் கத்தவில்லை. செக் பண்ணினேன். மேஜைக்கடியில் குனிந்து கணுக்கால் ஒயரை அழுத்தினேன், நன்றாக ஒட்டியிருந்தது. தலை ஒயரைப் பார்த்தேன், அதுவும் சரி. மறுபடியும் பதிவு எடுத்தேன். நூற்றுக்கணக்கான துடிப்புகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அந்த மெசின் ஒரு அலையைக் காட்டும், அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். ஒயர் கெட்டிருக்கட்டும் சாமி, ஒயராகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மூன்றடி தள்ளி மதினியின் முதுகில் சர்ஜனின் கை நடந்துகொண்டே இருந்தது. நான் வாயைத் திறந்தபோது நாலு நிமிஷம் போயிருந்தது. திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது.

உடனே நிறுத்தினார்கள். திறந்த இடத்தில் வெதுவெதுப்பான சலைன் விட்டார்கள், ரத்த அழுத்தத்தை ஏற்றினார்கள், காத்திருந்தார்கள். வலது காலின் அலை வந்துகொண்டே இருந்தது. இடது காலுடையது தையல் போடும்வரை வரவில்லை. ஏன் தாமதம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலையில் மதினி இரண்டு காலையும் தூக்கினார். அண்ணன் வார்டிலேயே அழுதான். "அசையுது! எந்தங்கச்சி பாத்துக்கிட்டா!" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டு லட்டு வாங்கப் போனான். அசைக்கும் பாதை வேறு, உணரும் பாதை வேறு. என் மெசின் பார்ப்பது உணர்வை மட்டும்தான். கால் அசையும், ஆனால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் போகலாம். கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு அடியும் வைக்க வேண்டியிருக்கும். இதை அண்ணனிடம் எந்த வாயால் சொல்வது?

தாங்க முடியாமல் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நாலு நிமிஷத்தையும். பிறகு ஒரு சோதனை செய்யட்டுமா என்றேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். இடது பெருவிரலைப் பிடித்து ஆட்டுவேன், மேலே போகிறதா கீழே போகிறதா என்று சொன்னால் போதும்.

மதினி கண்ணை இறுக்கமாக மூடினார். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நின்றேன். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

"மேல போகுதுத்தா" என்றார் மதினி. "நல்லாத் தெரியுது. நீ போயிச் சாப்புடு."

நான் இன்னும் அவர் காலைத் தொடவே இல்லை.