பாக்கலாமுங்க

இரண்டு வருஷத்துக்கு முந்தின கோடையில், திருப்பூர் வீரபாண்டியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், என் வீட்டுக்காரர் அயர்ன் மாஸ்டர். அந்த வருஷம் ஆர்டர் இல்லையென்று கம்பெனியில் பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள். அதே சமயம் பார்த்து இவரும் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். வாடகையும் கரண்ட் பில்லும் நின்றுபோயின.

வீட்டு ஓனரிடம் போய், வேலை ஆரம்பித்ததும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். அன்றைக்கும் சிரித்த முகமாக, "அதுக்கென்னுங்க அம்மிணி, பாக்கலாமுங்க" என்றார்.

எங்கள் ஊரில் 'பாத்துக்கலாம்' என்றால் கவலையை விடு என்று அர்த்தம். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்பி வேறு எங்கேயும் கைமாற்று கேட்கவில்லை. கம்பெனியில் வேலை இருந்த நாள்களில் என் பாட்டுக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பினால் எங்கள் வீடு மட்டும் இருட்டு. ஓனர் வந்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். மேலே சிமென்ட் சீட் கூரை, கீழே காற்றாடி சுற்றவில்லை. மாவுக்கட்டுக்குள் வேர்த்து அரிப்பெடுத்து, விளக்குமாற்றுக் குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். எங்கள் சின்ன மகள் அட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்க் கேட்டேன். அப்போதும் அந்த மனுஷன் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "ஊட்டுக்கு பெயிண்ட் அடிக்கோணுமுங்க. நீங்களும் சௌரியமா வேற எடம் பாத்துக்குங்க." அட்வான்ஸைக் கேட்டால், அது பெயிண்டுக்கே சரியாகப் போய்விடுமாம். உடைந்த காலோடு ஒருத்தரையும் இரண்டு பிள்ளைகளையும் தெருவில் நிறுத்துகிறார், ஆனால் ஒரு 'ங்க' குறையவில்லை! எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு சண்டையாவது போட்டிருப்பார்கள். இவரிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது?

பக்கத்து வீட்டு அக்கா இந்த ஊர்க்காரர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்கறேனுங்கன்னு சொன்னாங்களா, பாக்கலாமுங்கன்னு சொன்னாங்களா? பாக்கலாமுங்கன்னா முடியாதுன்னுதான் கண்ணு அர்த்தம்" என்றார். அதை அந்த மனுஷன் முதலிலேயே மூஞ்சிக்கு நேராகச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

வேலையில்லாத தொழிலாளிகளுக்கு வாடகைக்கும் கரண்டுக்கும் அவசர உதவி செய்யும் டிரஸ்ட் ஒன்று இருப்பதையும் அந்த அக்காதான் சொன்னார். மறுநாளே போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் என் வயசுள்ள ஒரு மேடம். வாடகை அக்ரிமென்ட் இருக்கிறதா என்றார். லைன் வீட்டுக்கு யார் அக்ரிமென்ட் போடுகிறார்கள்? கரண்ட் பில் என் பெயரில் இருக்கிறதா என்றார். ஓனர் காலி செய்யச் சொன்னதற்கு ஏதாவது ஆதாரம்? அவர்தான் போ என்ற வார்த்தையையே வாயில் எடுக்கவில்லையே! எல்லாம் கேட்டு முடித்து அந்த மேடம் புன்னகையோடு சொன்னார்: "சரீங்க, பாக்கலாமுங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"மேடம், இந்த ஊருல பாக்கலாமுங்கன்னா இல்லைன்னு அர்த்தம்னு பட்டுக் கத்துக்கிட்டேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப்புடுங்க. நான் வேற எங்கிட்டாவது போயி நிக்கணும்."

ஹாலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மேடத்தின் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்தார். "வாங்க, ஊட்டைக் காட்டுங்க."

ஓனர் எங்கள் லைனுக்கு முன்னால் இருந்த தன் வீட்டு வாசலிலேயே இருந்தார். இவர்களைக் காலி பண்ணச் சொன்னீர்களா என்று மேடம் கேட்டதும், "ஐயையோ, நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" என்றார். மேடமும் அதே ஊர்க்காரர் அல்லவா, விடவில்லை.

"நல்லதாப் போச்சுங்க. அப்ப இவங்க இங்கியே இருக்கலாமுங்களா, இருக்கக்கூடாதுங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க. இருக்கலாம்னா பாக்கி வாடகையும் கரண்டும் எங்க டிரஸ்ட் நேரா உங்களுக்கே கட்டிருமுங்க."

பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. ஓனர் வேட்டியை ஒருமுறை அவிழ்த்துக் கட்டினார். "இருக்கட்டுங்க" என்ற ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. உள்ளே போய் ஃபியூஸ் கட்டையை எடுத்துவந்து அவர் கையாலேயே மாட்டினார். எங்கள் காற்றாடி சுற்றியது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

டிரஸ்ட் சொன்னபடியே கட்டிவிட்டது. அதன் பிறகு ஓனர் என்னிடம் சொன்னார் பாருங்கள், "இதுக்குப் போயி ஆபீஸ் வரைக்கும் போவீங்களா அம்மிணி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" அடுப்பில் போட்டால்கூட அந்தச் சிரிப்பு வேகாது. கால் சரியானதும் முதல் வேலையாக நாங்களே அந்த வீட்டைக் காலி செய்தோம்.

இப்போது என்னிடம் யாராவது உதவி என்று வந்தால், முடியும் என்றால் முடியும் என்கிறேன், முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் முகம் சுருங்கத்தான் செய்கிறது. சுருங்கட்டும், அடுத்த கதவைப் போய்த் தட்ட அவர்களுக்காவது நேரம் இருக்கட்டும்.