பினாங்குக்கு ராகு எத்தனை மணிக்கு வருவார்?

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனுக்குப் புதுக் கருவிகள் மேல் ஆசை அதிகம் என்று ஊரே நினைக்கிறது. எனக்கு நேர்மாறு. உள்ளே எந்த லட்சணத்தில் எழுதி வைத்திருக்கிறோம் என்று தெரிந்தவன் நான், அதனால் பயம்தான் அதிகம். என் வீட்டு ரைஸ் குக்கருக்கு ஒரே ஒரு பொத்தான். வைஃபையில் ஓடும் குக்கர் ஒன்றை அலுவலக நண்பர் பரிசாகக் கொடுத்தார். அரிசியையும் தண்ணீரையும் போட்டு மூடியதும், புதிய பதிப்பை இறக்கிக்கொள்ள நாற்பது நிமிடம் ஆகும் என்றது. பசியோடு நின்றவனுக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கே அதைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் போட்டுவிட்டேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பதினைந்து வருஷமாக நான் சாப்பிடும் கடையிலும் ஒருநாள் மேசைக்கு மேசை கறுப்புச் சதுரம் ஒட்டினார்கள். போனில் அதைப் படம் பிடித்துத்தான் சாப்பாடு சொல்ல வேண்டுமாம். பரிமாறும் அண்ணன் எப்போதும்போல் என் பக்கத்திலேயே வந்து நின்றார்.

"ரெண்டு தோசை, ஒரு தே தாரே," என்று நுரை பொங்க ஆற்றிய டீயையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஸ்கேன் பண்ணுங்கண்ணே."

"நீங்கதான் பக்கத்துலயே நிக்கிறீங்களே?"

"என் காதுல விழுந்தா கணக்கில்ல லா. போன்ல விழணும்."

ஸ்கேன் செய்தேன். அவர் தன் போனைப் பார்த்து, "ஆங், ரெண்டு தோசை, ஒரு தே தாரே!" என்று புதுச் செய்தி கேட்டவர்போல் உள்ளே குரல் கொடுத்தார். இதையெல்லாம் எழுதிச் சம்பளம் வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

என் வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். பல நாடுகளில் இருக்கும் ஆலை இயந்திரங்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், எனக்குச் சோறு போடுவது நேரம். அப்படிப்பட்டவன் வீட்டில், நேரத்தைப் பற்றி என் பேச்சு ஒன்றுகூட எடுபடவில்லை.

வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவருக்கு நேரமும் கிடையாது, காலமும் கிடையாது. சகுனம் பார்க்கிறவர்களைக் கண்டால் நக்கலடிப்பார். அம்மா போன பிறகு எப்படியோ ராகு காலத்தைப் பிடித்துக்கொண்டார். ராகு காலத்தில் பேப்பர் வாங்கக்கூடக் கீழே இறங்க மாட்டார். வயசாகிவிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணில் புரை வந்தது. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. டிவி ரிமோட்டைக் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ, யாரு லா இது?" என்பார். பக்கத்து வீட்டு வாசலில் காய்ந்த சட்டையிடம் நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பார். அது பதில் சொல்லாததால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைக்கனம் என்று ஒரு மாதம் கோபமாக இருந்தார். பிறகு மாடிப்படியில் ஒருமுறை விழுந்தார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணை இழக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். வெள்ளி பத்தரை. ராகு காலம் என்று அப்பா போகவில்லை. அடுத்த தேதி புதன் பன்னிரண்டு. அதுவும் ராகு காலம். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது தேதி திங்கள் காலை எட்டு. இந்த முறையும் வராவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள் என்று போனில் மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, சொன்னார். திங்கட்கிழமை ராகு காலம் எது? ஏழரை முதல் ஒன்பது! இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் பஞ்சாங்கம் பார்த்துத்தான் தேதி குறிக்கிறார்களா?

அன்றைக்குத்தான் நாட்காட்டியை எடுத்து வைத்து முதல்முறையாக ஒழுங்காக யோசித்தேன். ராகு காலம் கடிகாரக் கணக்கே இல்லை, சூரியக் கணக்கு. சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால், திங்கட்கிழமை இரண்டாவது பங்கு ராகுவுக்கு. ஆறு மணிக்கு உதயம் என்றால் ஏழரைக்கு ஆரம்பிக்கும். சரி. ஆனால் பினாங்கில் ஆறு மணிக்கு ஏது சூரியன்? கும்மிருட்டு. இங்கே சூரியன் எழுந்து வர ஏழு இருபது ஆகிறது. ஆக, ராகு எட்டு ஐம்பதுக்குத்தான் வருவார். வேறு ஊர்க் கணக்கைச் சுவரில் மாட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தப்பான நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்!

அப்பாவிடம் ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் லைட்டையும் வைத்து விளக்கினேன். அவர் பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, "நெசமாவா சொல்றே? எல்லா நாளுக்குமா?" என்று கேட்டார்.

"எல்லா நாளுக்கும்தான்பா. எந்த வருசத்துக்கும்."

"பழைய வருசத்துக்குமா?"

"சூரியன் என்ன, நேத்தா வேலைக்குச் சேந்துச்சு?"

அவருக்காக ஒரு செயலி எழுதினேன். கண் தெரியாதவர் என்பதால் முழுத் திரையும் பச்சை அல்லது சிவப்பு. ராகு காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் அதுவாகவே குரல் கொடுக்கும். ஒரு தேதியையும் மணியையும் வாயால் சொன்னால், அந்த நேரம் எப்படிப்பட்டது என்று சொல்லும். ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிட்டது. அப்பா அதைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவில்லை. கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். சாதாரணமாக ஒருவரையும் பாராட்டாத மனுஷன், "என் பையன் செஞ்சது, கணக்கு சுத்தமா இருக்கும்," என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்திரண்டு வயதில் அப்பாவிடம் நல்ல பேர் வாங்கினேன்.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கே ஆஸ்பத்திரியில் இருந்தோம். எட்டு மணிக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். நடைவழி நாற்காலிகளில் பத்துப் பேர், எல்லோருக்கும் பச்சைத் துணித் தொப்பி. அப்பாதான் முதல் ஆள். அப்பாடா என்று இருந்தேன். ஆனால் ஆஸ்பத்திரி என்பது ஆஸ்பத்திரிதானே. எட்டரை ஆயிற்று, எட்டே முக்கால் ஆயிற்று, கூப்பிடவில்லை.

எட்டு ஐம்பதுக்கு அப்பாவின் சட்டைப்பையிலிருந்து செய்தி வாசிப்பவர் குரலில், "ராகு காலம் தொடங்கியது" என்று சத்தமாக வந்தது. அரை விநாடி கழித்து மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த கோயில் குழுக்காரரிடமிருந்து, "ராகு காலம் தொடங்கியது." பிறகு சுங்கை பாக்காப்பிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவின் கைப்பையிலிருந்து. பிறகு கடைசி நாற்காலியிலிருந்து. உலகத்துக் கடிகாரங்களை ஒன்றாக ஓடவைக்கிறவன் எழுதிய செயலி, நாலு போனில் நாலு நேரத்தில் கத்தியது. அவமானமாக இருந்தது.

சரியாக அப்போதுதான் மிஸ்ஸி கதவைத் திறந்து, "அங்கிள், போலே மாசோக்," உள்ளே வரலாம் என்றார்.

அப்பா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "தாக் போலே," முடியாது என்றார்.

மிஸ்ஸி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். சுங்கை பாக்காப் அக்கா. "எனக்கும் முடியாதுங்க மிஸ்ஸி, செவப்பு காட்டுது," என்று போனைத் தூக்கிக் காட்டினார். மூன்றாமவரும் காட்டினார். நாலாமவர் தூங்குவதுபோல் நடித்தார். மிஸ்ஸி நாலு சிவப்புத் திரைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதாவது தீயணைப்பு எச்சரிக்கையா என்று மலாயில் கேட்டார். பிறகு, "யார் செஞ்ச சிஸ்டம் இது?" என்றார். சொட்டு மருந்தால் விரிந்த நாலு கண்மணிகளும், தூங்கியவருடையது உட்பட, பெருமையோடு என் பக்கம் திரும்பின.

நான் அப்பாவின் காதருகே குனிந்தேன். "அப்பா, வீட்டை விட்டு நல்ல நேரத்துலதான் கிளம்புனோம். அதுதான் கணக்கு."

"கண்ணுல கத்தி வைக்கிற நேரந்தான்டா கணக்கு."

"மணி ஒம்பது ஆயிருச்சு. பழைய நாள்காட்டிப்படி பாத்தா இப்ப ராகு காலம் முடிஞ்சிருச்சுப்பா!"

"பழசு தப்புன்னு நீதானே சொன்னே?"

வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டேன். ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். லாப்டாப் இல்லாமல் நான் கடைக்குக்கூடப் போவதில்லை. படியில் உட்கார்ந்து திறந்தேன். செய்ய வேண்டியது ஒரு வரி: உதய நேரம் ஏழு இருபது என்பதை ஆறு என்று மாற்றினால் போதும். நாலு போனும் பச்சையாகிவிடும், அப்பா உள்ளே போய்விடுவார், கண் பிழைக்கும். சோதிக்காமல் எதையும் மாற்றக்கூடாது என்று அலுவலகத்தில் எல்லோர் கழுத்தையும் அறுக்கிறவன் நான். தொலையட்டும் என்று கையை வைத்தேன்.

எத்தனை பேர் இந்தச் சனியனைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்போமே என்று, மாற்றுவதற்கு முன் பதிவுகளைத் திறந்தேன். யார் என்ன தேதி கேட்டார்கள் என்று அதில் இருக்கும். கல்யாணத் தேதி, கார் எடுக்கும் தேதி, எல்லாம் வரப்போகும் நாட்கள். ஒன்றாம் எண் போன் மட்டும் ஒரே ஒரு தேதியைக் கேட்டிருந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. செயலியைக் கொடுத்த முதல் நாள் பதினோரு தடவை. அதன் பிறகு தினமும் காலையில் ஒரு தடவை. அன்று காலை ஐந்து மணிக்கும் ஒரு தடவை.

ஒன்றாம் எண் அப்பாவுடையது. அந்தப் புதன்கிழமை அம்மாவை வயிற்று ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன நாள்; அம்மா அதிலிருந்து வீடு திரும்பவில்லை. நான் அப்போது வேலை விஷயமாக வெளியூரில் இருந்தேன். "ஒன்றரை ஆகட்டுங்க, ராகு காலம் போகட்டும்" என்று அம்மா கெஞ்சியதையும், அப்பா சிரித்துக்கொண்டே, "என்ன பெரிய நேரம், ஏறு காடில" என்று காரில் ஏற்றி இழுத்துப்போனதையும் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

பினாங்குச் சூரியக் கணக்கில் புதன்கிழமை ராகு காலம் ஒன்று இருபதுக்குத்தான் வருகிறது. பன்னிரண்டு மணி சுத்தமான நல்ல நேரம். என் செயலி தினமும் அவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது உதயத்தை ஆறு என்று மாற்றினால், நாளைக் காலை அதே குரல் அதே பன்னிரண்டு மணியை ராகு காலம் என்று சொல்லும். ஒரு வரிதான். படியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். இறங்கிவந்த பெரியவர் ஒருவர் என்னை நோயாளி என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கிப் போனார்.

லாப்டாப்பை மூடிவிட்டு அப்பாவிடம் போனேன். "நான் எதையும் மாத்தலப்பா. கணக்கு சரிதான். இருங்க," என்றேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பிறகு மிஸ்ஸியிடம் போய், இந்த நாலு பேரையும் கடைசியில் கூப்பிட முடியுமா என்று கேட்டேன்.

"ஓ, அவ்வளவுதானா?" என்றார் மிஸ்ஸி. பேனாவை எடுத்தார், நாலு பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்தார். "சொல்லியிருந்தா மொதல்லயே செஞ்சிருப்பேனே." இருபது வருஷ அனுபவம் உள்ள பொறியாளனுக்கு இது தோன்றவில்லை. மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பத்து இருபதுக்கு நாலு போனும் முன்னே பின்னே, "ராகு காலம் முடிந்தது" என்றன. மிஸ்ஸியே கதவைத் திறந்து, "ஹா, ஹிஜாவ், ஹிஜாவ்!" பச்சை, பச்சை என்று கைதட்டிக் கூப்பிட்டார். அப்பா நாலு பேரில் முதல் ஆளாக, தொப்பியைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அப்பா கடைசி வரிவரை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி என் முகத்தையே பார்த்தார், ரொம்ப நேரம்.

"என்னடா, தலையெல்லாம் இப்படி நரைச்சுக் கெடக்கு?"

"அது எப்பவோ நரைச்சிருச்சுப்பா."

"எப்ப?"

"அம்மா போன வருசமே."

அப்பா கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். டாக்டர் தொடக்கூடாது என்றதும் கையை இறக்கிக்கொண்டார்.

"அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரிஞ்சுது," என்றார்.