ரஞ்சினியின் பன்பை

ஒழுங்கில்லாமல் எழுதத் தொடங்கினால் என்ன சொல்ல வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிடும். ஆகவே முதலில் பட்டியல்.

1. கருவாட்டு வாசமும் ஒரு பன்பையும்.
2. முதல் புதன்கிழமைகள்.
3. நடந்த பிழையை நான் கண்டுபிடித்த விதம்.
4. அன்றும் இன்றும்.

உப்புவெளிப் பக்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால், வீடு தெரிய முன்னமே கருவாட்டு வாசம் மூக்கில் ஏறும்…

எழுபதுகளின் தொடக்கம். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வேறு குடும்பங்களில் வளர்க்கக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. மாதம் ஒருமுறை அந்த வீடுகளுக்குப் போய், பிள்ளை சாப்பிடுகிறதா, படிக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதவேண்டும்.

வாசம் வந்த வீடு பிலோமினா அக்காவுடையது. கணவர் துறைமுகத்தில் சாமான் இறக்கப் போவார். அக்கா முற்றத்தில் பாய் விரித்து மீன் காயவைப்பா. அவர்களிடம் வளர்ந்தவள் ரஞ்சினி. பத்து வயது. அதற்கு முன் இரண்டு வீடுகள் மாறி வந்தவள்.

அவளுடைய உடுப்பு எல்லாம், பன்புல்லில் இழைத்த ஒரு பன்பையில், கதவோரம் ஆணியில் தொங்கும். மடிப்புக் கலையாமல் இருக்கும். எனக்கு ஒழுங்கு என்றால் பிடிக்கும். "உடைமைகளைச் சீராகப் பேணுகிறாள்" என்று பாராட்டி எழுதினேன்.

என் வழக்கம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறித்த நாள்; அதை முதலே அறிவித்துவிடுவேன். இந்த வீட்டுக்கு மாதத்தின் முதல் புதன், காலை ஒன்பது மணி. மழை பெய்தாலும் மாறாது.

முதல் தடவை போனபோது ரஞ்சினி பள்ளிக்கூடம் போகாமல், அக்காவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மீன் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குப் போகேல்லை, ஐயா." அக்கா அவ்வளவுதான் சொன்னா.

அடுத்த மாதமும் அப்படி. மூன்றாம் மாதமும், நான்காம் மாதமும்…

பிள்ளையை மறித்து வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். "விடுதிக்கு மாற்றுவது நல்லது" என்று அறிக்கையும் எழுதியாயிற்று. நான் கையெழுத்துப் போட்டால் அவள் நான்காவது இடத்துக்குப் போகவேண்டும்.

கையெழுத்துப் போட எனக்கு எப்போதும் பயம். எத்தனை நாள் வரவில்லை என்று எண்ணிச் சேர்த்தால் அறிக்கை பலமாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு ரீச்சர் வரவுப் பதிவேட்டை விரித்தா. நான்கு மாதத்தில் நான்கே நாள்தான் வரவில்லை. நான்கும் முதல் புதன்!

"கெட்டிக்காரப் பிள்ளை, சேர். மாசத்திலை ஒரு புதன் மட்டும் வரமாட்டாள். என்ன விரதமோ!" என்று சிரித்தா.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நேரே உப்புவெளிக்கு மிதித்தேன். அக்கா தனியே இருந்தா.

"நான் வாற நாளிலை மட்டும் ஏன் பிள்ளையை மறிக்கிறியள்?"

அக்கா கையிலிருந்த மீனைப் பாயில் போட்டா.

"நான் மறிக்கிறனோ? அடிச்சுக் கலைச்சாலும் போகாள், ஐயா. முந்தி இருந்த ரெண்டு வீட்டிலையும், அவள் பள்ளிக்கூடத்தாலை வரேக்கை பையைக் கட்டி வைச்சிருந்தவை. வாசல்லை உங்களைப்போல ஒரு ஐயா, கடுதாசிப் பைலோடை. அதாலை நீங்கள் வாற நாள் என்னை விட்டு நகராள்."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேட்டனீங்களோ? எழுதினீங்கள். பிள்ளை பயப்பிடுது எண்டு சொன்னா அதையும் எழுதுவீங்கள். எழுதினா மாத்துவினம்."

நான் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தேன். அந்த ஒழுங்கையா பாராட்டினேன்? எந்த நேரமும் புறப்பட ஆயத்தமாக மடித்து வைத்திருக்கிறாள்…

பள்ளிக்கூடம் விடும்வரை இருந்தேன். இருந்ததும் பிழை. வந்தவள் வாசலில் என் சைக்கிளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. ஆணியைத்தான் பார்த்தாள்.

"எங்கை கொண்டு போறீங்கள், சேர்?"

"ஒரு இடமும் இல்லை, பிள்ளை. இனி நான் பின்னேரம்தான் வருவன், நீ பள்ளிக்கூடத்தாலை வந்த பிறகு. எழுதினதை உனக்கு வாசிச்சுக் காட்டாமல் கொண்டு போகமாட்டன்."

பைலில் இருந்த விடுதி அறிக்கையை அவள் முன்னாலேயே கிழித்தேன்.

அடுத்த முதல் புதன், பின்னேரம் போனேன்.

"பள்ளிக்கூடம் போனவளோ?"

"ஓம், போனவள்" என்று அக்கா சிரித்தா. "பை இல்லாட்டி ஒருதரும் தன்னைக் கொண்டு போகேலாது எண்டு, பன்பையையும் தூக்கிக்கொண்டெல்லோ போனவள்!"

எழுதியதை ரஞ்சினிக்கு வாசித்துக் காட்டினேன். 'கணிதத்தில் பின்தங்கியிருக்கிறாள்' என்ற இடத்தில் மறித்தாள்.

"அது போன தவணை, சேர். இப்ப வகுப்பிலை நான்தான் மூண்டாம் பிள்ளை."

வெட்டித் திருத்தினேன். ஏன் இந்த வெட்டு என்று மேலதிகாரி கேட்டார். தகவல் பிழை என்றேன். திருத்தியது யார் என்று சொல்லத் துணிவு வரவில்லை.

சில மாதம் கழித்து ஒருநாள், ஆணி வெறுமையாக இருந்தது. பதறிப்போனேன். பார்த்தால் பன்பை குசினியில், அடுப்படிக்குப் பக்கத்தில்… நிறைய வெங்காயம்!

"அலுமாரியிலை ஒரு தட்டு குடுத்தனான். இனிப் பை என்னத்துக்கு எண்டு அவளே தந்தவள்" என்றா அக்கா.

ரஞ்சினி அந்த வீட்டிலிருந்துதான் படித்து முடித்தாள்.

எங்கள் படிவத்தில் எடை, உயரம், வரவு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. பிள்ளை என்ன சொல்கிறது என்பதற்கு இல்லை. இப்போது இதே வேலை செய்யும் ஒரு பெண் பழைய கதை கேட்க எங்கள் வீட்டுக்கு வந்துபோவா. முதல் கேள்வியே பிள்ளையிடம்தானாம். நல்ல காலம். ஆனால் பள்ளிக்கூடம் விடும்வரை ஒரு வீட்டில் காத்திருக்க நேரம் கிடைப்பதில்லை என்கிறா.

எதையும் அடித்துச் சொல்லத் தயங்குகிறவன் நான். இதை மட்டும் சொல்வேன்: ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுவதை அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டத்தான் வேண்டும்.

எழுதியதை இப்போது மேலிருந்து வாசித்தேன். பட்டியலில் மூன்றாவது வரி பிழை. நான் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. நாள்களை எண்ணினேன், அவ்வளவுதான். மற்றதைப் பிலோமினா அக்கா சொன்னா… கருவாட்டுக் கையோடு.